மருந்துக்கு அடங்காத வயிற்றுவலி

வலியைச் சொல்வதில் எங்கள் பக்கத்து ஜனங்களை மிஞ்ச ஆளில்லை. "தலைக்குள்ள மாவு மில்லு ஓடுது" என்பார் ஒருவர். "முட்டியில உப்பு வச்சித் தேச்ச மாதிரி கீது" என்பார் இன்னொருவர். வாலாஜாபாத் சந்தையில் கருவாடு விற்ற ஒரு அம்மாள் தன் மூச்சிரைப்பைப் பற்றி என்னிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "காத்து வாசல் வரைக்கும் வருது கம்பவுண்டரே, உள்ள வரலாமான்னு கேட்டுக்கினு அங்கியே நிக்குது." நான் மருந்து கொடுத்துப் பிழைத்தவன். ஆனால் சம்பளத்துக்கு மேல் எனக்குக் கிடைத்தது இந்தப் பேச்சுகள்தான்.

போன மாதம் எங்கள் மருந்தாளுநர்கள் கூட்டத்துக்கு இளம்பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனிக்குள் இருக்கும் கிளினிக்கில் வேலை பார்ப்பவர். "சார், மருந்து கேக்கலன்னா நாங்க மேல அனுப்பிடுவோம், ஸ்கேன் எடுப்பாங்க. உங்க காலத்துல இன்னா பண்ணுவீங்க?" என்றார். நாங்களும் மேலேதான் அனுப்புவோம் என்றேன். "மேல இருக்கறவங்க திருப்பி அனுப்பிட்டா?" என்று விடாமல் கேட்டார். அதற்கு நின்றபடி பதில் சொல்ல முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வாலாஜாபாத்தில் ஒரு டாக்டரிடம் பாட்டில் கழுவச் சேர்ந்தேன். அவர் கலக்குவதைப் பார்த்துப் பார்த்து மிக்சர் கலக்கக் கற்றேன். பிறகு பரீட்சை எழுதிக் கம்பவுண்டர் ஆகி, ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் இருந்த ஒரு சுகாதார நிலையத்துக்கு வேலைக்கு வந்தேன். அன்றைக்கு ஜனங்கள் மருந்துக்குப் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவருவார்கள். வெளக்கெண்ணெய் பாட்டில், மண்ணெண்ணெய் பாட்டில், சில சமயம் சொல்லக்கூடாத சரக்கு இருந்த பாட்டில். முதலில் மூக்கில் வைத்துப் பார்ப்பேன், அப்புறம்தான் மருந்து. ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, காகிதத்தை நீளவாக்கில் மடித்து ஓரத்தில் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டுவேன். ஒரு பல் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்தப் பல்லை விரலால் தடவிப் பார்த்துக் குடித்துவிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் நிலையத்துக்கு ஒரு டாக்டரம்மா வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர். ஒல்லியான உருவம், கட்டைக்குரல். கூலிக்கு நாற்று நட வருகிறவளைக்கூட 'நீங்க' என்றுதான் பேசுவார். இது எங்கள் ஜனங்களுக்குப் பெரிய சங்கடம். "இன்னாடா இது, நம்மள வாங்க போங்கன்னுது, பெரிய வியாதியா இருக்குமோ" என்று வெளியே வந்து பயப்படுவார்கள்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று யாராவது திரும்பி வந்தால், மற்ற டாக்டர்கள் அளவைக் கூட்டுவார்கள், அல்லது அடுத்த மருந்துக்குப் போவார்கள். டாக்டரம்மா இரண்டும் செய்யமாட்டார். பேனாவை மூடி வைத்துவிடுவார். "உங்களை நான் பார்த்ததே இல்ல. இன்னைக்குத்தான் வந்திருக்கீங்க. முதல்ல இருந்து சொல்லுங்க பாப்போம்" என்பார். "போன வாரந்தானே சொன்னேன்மா" என்றால், "அது வேற டாக்டர்" என்பார். முகத்தில் சிரிப்பு இருக்காது.

சொல்லச் சொல்லியும் பிடிபடவில்லையென்றால் அதற்கடுத்த வேலை: "காலையில எழுந்ததுல இருந்து நீங்க செய்யறத எனக்குச் செஞ்சு காட்டுங்க." வாயால் சொல்லக்கூடாது, கையால் செய்துகாட்ட வேண்டும். அதற்காகவே ஆஸ்பத்திரி முற்றத்தில் வேப்பமரத்தடியில் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருந்தார். முதல் தடவை இதைப் பார்த்தபோது, சரிதான், இந்த அம்மாவுக்கே வைத்தியம் தேவைப்படும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஹோட்டலில் வேலை செய்த பெண்ணுக்கு இடது கையில் மூன்று விரல் நுனி மட்டும் வெடித்துத் தோல் உரிந்துகொண்டே இருந்தது. களிம்பு மேல் களிம்பாகப் போட்டும் ஆறவில்லை. பாத்திரம் தேய்ப்பதால் என்று எல்லோரும் சொன்னோம். பாத்திரத்துச் சோடா என்றால் இரண்டு கையும் வெடிக்க வேண்டுமே என்பது டாக்டரம்மாவின் சந்தேகம். செய்துகாட்டச் சொன்னார். அந்தப் பெண் தண்ணீர் இறைத்தாள், வெங்காயம் அரிந்தாள், அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இடது கையின் மூன்று விரலைக் குவித்து எதையோ பிடித்துக்கொண்டு வலது கைக் கத்தியால் சுரண்டினாள். "இதென்ன?" "பூண்டும்மா. தெனம் ஒரு மொறம் உரிக்கணும்." புண் இருந்த மூன்று விரல்கள் அப்படியே பூண்டைப் பிடித்த மூன்று விரல்கள். பூண்டு உரிக்கும் வேலையை வேறு ஆளிடம் மாற்றியதும் என் களிம்புக்கு வேலை இல்லாமல் போனது.

அதற்குப் பிறகு, யாராவது முற்றத்துக்கு அழைக்கப்பட்டால் நானும் மருந்து ஜன்னலை விட்டு வெளியே வந்து நிற்க ஆரம்பித்தேன்.

இப்போது ஏழுமலைக்கு வருகிறேன்.

ஏரிக்கரை ஓரத்து ஊர்க்காரன். முப்பதைத் தாண்டியவன், நல்ல கட்டு. கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. ஏரியில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வீச்சு வலை போட்டு மீன் பிடிப்பான். அவனுக்கு வயிற்றுவலி. வந்தால் சாதாரணமாக வராது. வயிற்றை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு, முழங்காலை மார்போடு சேர்த்து மடக்கிக்கொண்டு, மாட்டு வண்டியில் சுருண்டு கிடந்தபடி வருவான். "உள்ள ஒருத்தன் ஒக்காந்துகினு கயிறு திரிக்கிறான் கம்பவுண்டரே. திரிச்சி திரிச்சி, முடிச்சு போடறான்" என்று அவன் சொன்னதை நான் மறக்கவில்லை. வெளிக்குப் போவது நாட்கணக்கில் நின்றுவிடும். ஆள் வெளுத்துப்போய் மஞ்சள் காகிதம் மாதிரி இருந்தான்.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தோம். சீதபேதிக் கிருமிக்கு மாத்திரை கொடுத்தோம். வயிற்றுப் புண்ணுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஒரு மிக்சர், குடல் பிடிப்புக்கு பெல்லடோனா, வெளுப்புக்கு இரும்புச் சத்து மாத்திரை. ஒன்றும் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வேடிக்கை அங்கேதான். வார்டில் படுத்தால் நாலைந்து நாளில் வலி போய்விடும். நன்றாகச் சாப்பிடுவான். அங்கே கொடுத்ததும் கிட்டத்தட்ட நாங்கள் கொடுத்த மருந்துதான். வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில் மறுபடியும் வண்டி, மறுபடியும் கயிறு. இப்படி மூன்று தடவை போய் வந்தான். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. "கட்டில் மேல படுக்க ஆசப்பட்டு போறான்டா" என்றது ஒரு கட்சி. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றது இன்னொரு கட்சி.

மூன்றாவது தடவை அங்கிருந்த அறுவை டாக்டர், குடல் எங்கேயோ முறுக்கிக்கொள்கிறது போலிருக்கிறது, வயிற்றைத் திறந்து பார்த்தால்தான் தெரியும் என்று முடிவு செய்து நாள் குறித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. உள்ளே பார்க்க அன்றைக்கு வேறு வழி அதிகம் இல்லை. ஆனால் ஏழுமலையின் பெரியப்பா அதே மாதிரி வயிறு திறக்கப் போனவர், வீட்டுக்கு வரவில்லை. அதனால் அவன் மனைவி கன்னியம்மா அந்த நாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவனை இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். கூடவே அவள் அண்ணன் துலுக்காணம். அவரும் ஏரியில் வலை போடுகிறவர். தேக்கு மரம் மாதிரி ஆள்.

"கத்தி வைக்காம எதுனா செய்ய முடியுமாம்மா?" என்றாள் கன்னியம்மா. அவ்வளவுதான் கேள்வி.

டாக்டரம்மா பேனாவை மூடினார். முதலிலிருந்து கேட்டார். என்ன சாப்பிடுகிறான், எந்தக் கிணற்றுத் தண்ணீர், வலி எந்த மாதத்தில் அதிகம். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "சாராயம் குடிப்பீங்களா? நான் போலீஸ் இல்ல" என்றார். கள்ளச் சாராயத்தில் என்னென்னவோ கலப்பார்கள், அந்தச் சந்தேகம்.

ஏழுமலை வாயைத் திறப்பதற்கு முன்னால் கன்னியம்மா முந்திக்கொண்டாள். "குடிச்சிருந்தாருன்னா நான் இவ்ளோ கவலப்பட்டிருக்க மாட்டேம்மா. சரி, குடிச்சதுக்கு வாங்கிக்கினாருன்னு வுட்டிருப்பேன். ஒரு பீடி கூடக் கெடையாது. வெத்தல பாக்கு மட்டும் போடுவாரு."

"அப்படின்னா வெளியே வாங்க" என்று முற்றத்தைக் காட்டினார் டாக்டரம்மா.

அன்று புறநோயாளிகள் கூட்டம் அதிகம். அத்தனை பேரும் வேப்பமரத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஏழுமலைக்கு வெட்கம். துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, எழுந்தான், சோம்பல் முறித்தான். ஆள்காட்டி விரலால் பல் விளக்கினான். வாய் கொப்பளித்தான். மாட்டை அவிழ்த்தான். "மாடு அந்தப் பக்கமா ஓடுது பாரு, புடி புடி" என்று யாரோ ஒரு கிழவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவன் ஏரிக்குப் போனான். கயிற்றை இடது மணிக்கட்டில் மாட்டினான். வலையைச் சேர்த்துப் பிடித்தான். ஒரு பகுதியை இடது முழங்கை மேல் போட்டான். குனிந்து வாயால் எதையோ கவ்வினான். வலது கையால் மிச்சத்தை விரித்துக்கொண்டு, இடுப்பைச் சுற்றி ஒரு திருப்பு திருப்பி வீசினான். வீசும்போது வாயைத் திறந்து விட்டான்.

"கெண்டையா கெளுத்தியா நைனா?" என்றார் அதே கிழவர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்படியே நில்லுங்க" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். வீசிய கை நீட்டியபடி நின்றது. ஆனால் மணிக்கட்டுக்குக் கீழே கை மட்டும் தொங்கியது, தண்ணீர் இல்லாத செடி மாதிரி. டாக்டரம்மா அவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, உள்ளங்கை கீழே பார்க்க வைத்துக்கொண்டு, மணிக்கட்டை மேலே தூக்கச் சொன்னார். இடது கை தூங்கி எழுந்தது மாதிரி மெதுவாக எழுந்தது. வலது கை எழவே இல்லை.

"இது எவ்வளவு நாளா?"

"கொஞ்ச நாளா மரத்துப்போனாப்பல கீதும்மா. வலி இல்லியே, அதான் சொல்லல."

"சரி. வலை வீசறப்ப வாயில என்ன கவ்வினீங்க?"

"வாயிலயா? ஒண்ணும் இல்லியே" என்றான் ஏழுமலை. அவனுக்கே தெரியவில்லை. துலுக்காணம்தான் சொன்னார்: "வலைக் குண்டுமா. ஓரத்துல ஈயக்குண்டு கோத்திருப்போம்ல, அது தண்ணில முழுகறதுக்கு. வீசறப்ப ஒரு குண்டப் பல்லுல கடிச்சிக்கினாத்தான் வலை வட்டமா விரியும். எல்லாருமே அப்டித்தான்."

டாக்டரம்மா வேப்பமரத்தடிக் கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். காரீயம் உடம்பில் சேர்ந்தால் வயிறு முறுக்கும், ஆள் வெளுப்பான், மணிக்கட்டு தொங்கும். புத்தகத்தில் ஒரே பக்கத்தில் வரும் மூன்று சங்கதி இவை என்று பிறகு எனக்கு விளக்கினார். அச்சு வேலை செய்கிறவர்களுக்கும் பெயின்ட் அடிக்கிறவர்களுக்கும் வரும் என்று படித்திருந்தாராம். ஏரிக்கரையில் எதிர்பார்க்கவில்லை.

ஈயம் சேர்ந்தவர்களுக்கு ஈறு ஓரத்தில், பல்லைத் தொடுகிற இடத்தில், மெல்லிசாக ஒரு நீலக்கோடு விழுமாம். ஏழுமலையை வாய் திறக்கச் சொன்னார். வெற்றிலை போட்டுப் போட்டு ஈறு முழுக்க செங்கல் நிறம். கொப்பளிக்க வைத்து, பஞ்சால் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். கோடும் தெரியவில்லை, குறுக்கும் தெரியவில்லை.

எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது மாதிரி இருந்தது. "அதான் கண்டுபிடிச்சாச்சே" என்றேன். "எங்கே கண்டுபிடிச்சோம்?" என்று துலுக்காணத்தைக் காட்டினார் டாக்டரம்மா. "அண்ணாச்சி, நீங்க எத்தனை வருஷமா கடிக்கிறீங்க?"

"வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து."

"வயிறு வலிச்சிருக்கா?"

"கல்யாண சாப்பாடு ரெண்டு பந்தி சாப்ட்டா வலிக்கும்" என்றார் துலுக்காணம். கையை நீட்டச் சொன்னதும் நீட்டி, மணிக்கட்டைத் தூக்கி, விரலை மடக்கி முஷ்டியும் காட்டினார்.

"இவர் முப்பது வருஷம் கடிச்சுட்டு இப்படி நிக்கிறார். அவர் மட்டும் ஏன் விழுந்தார்? அதுக்குப் பதில் தெரியாம அறுவை டாக்டர்கிட்ட போய் நான் என்ன சொல்ல?" என்றார். அவர் குரலில் கவலையைவிட ஆசை அதிகம் இருந்தது. வெட்டவெளியில் ஒரு சாவியைக் கண்டெடுத்தவர் பூட்டைத் தேடுகிற ஆசை.

ஏழுமலைக்கு அன்று மறுபடியும் வலி வந்தது. பெல்லடோனா வேண்டாம் என்றுவிட்டு, ஈயத்தால் வரும் முறுக்கைத் தளர்த்தும் கால்சியம் ஊசி எடுக்கச் சொன்னார். இந்த ஊசியை அவசரமாகப் போட்டால் இதயம் நின்றுவிடும். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்தேன். மருந்துக் குப்பியை என் உள்ளங்கையில் வைத்து, உடம்புச் சூடு வரும்வரை மூடிப் பிடித்திருந்தேன். அது அவர் கட்டளை. நரம்பில் ஏற்றும்போது ஏழுமலையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஊசியைப் பார்க்கவில்லை. "உங்க ரெண்டு மாட்டுக்கும் என்ன பேரு? எது சண்டிமாடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பேச்சு தடுமாறினால் ஊசியை நிறுத்த வேண்டும், அதற்காகத்தான் இந்த மாட்டு விசாரணை என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. "நாக்கெல்லாம் சூடா வருதும்மா" என்றான். ஊசி முடியும்போது மடக்கி வைத்திருந்த காலை அவன் தானாகவே நீட்டினான். கன்னியம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலி போனதால நாம சொன்னது சரின்னு ஆகாது" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு இவங்க வீட்டுக்குப் போவோம்."

மறுநாள் ஜீப்பில் போனோம். கூரை வீடு. சாணி மெழுகிச் சுத்தமாக வைத்திருந்தாள். பின்பக்கம் சமையல் இடம். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் கரண்டி, களிமண்ணில் குழி குழியாகச் செய்த அச்சு, மூலையில் ஒரு கோணிப்பை. பையில் கறுத்துப்போன தகடுகள், தொட்டால் மாவாகக் கையில் ஒட்டின.

"இதெல்லாம் என்ன?"

"லாரி பேட்டரி தகடும்மா" என்றான் ஏழுமலை. "ஸ்ரீபெரும்புதூர் ரோட்டு ஷெட்டுல தூக்கிப் போட்டுடறாங்க. கேட்டா சும்மா குடுப்பாங்க. கடையில ஈயம் வாங்கறதுக்கு இது மேல்னு இட்டாந்து உருக்குவேன். ஊர்ல பாதி பேரு வலைக்கு இப்ப நான்தான் குண்டு ஊத்தித் தரேன். மச்சான் வலை மட்டும் பழசு, அவங்க அப்பா காலத்துது."

"உருக்கறது எங்கே?"

"இந்த அடுப்புலதான். சோறு ஆக்கினப்புறம் நெருப்பு இருக்கும்ல."

டாக்டரம்மா அடுப்பைக் கிளறிப் பார்த்தார். சாம்பலோடு சாம்பலாக, சாம்பலைவிடக் கனமான மஞ்சள் கலந்த ஒரு தூள். உருக்கும்போது மேலே மிதக்கும் கசடை அவன் அப்படியே அடுப்பில் தட்டிவிடுவானாம். பின் வாசலில், தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் நிறையச் சாம்பல்.

"இது எதுக்கு?"

"பல்லு வெளக்கத்தாம்மா" என்றாள் கன்னியம்மா. "பாத்திரமும் அதுலதான் தேய்ப்பேன்."

"இது எந்தச் சாம்பல்?"

"அடுப்புச் சாம்பல்தாம்மா. வேற எந்தச் சாம்பல் இருக்குது?"

முற்றத்தில் ஏழுமலை ஆள்காட்டி விரலால் பல் விளக்கிக் காட்டியபோது நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். எல்லோரும் செய்கிற காரியம், அதனால் யாருக்கும் கண்ணில் படவில்லை. துலுக்காணத்திடம் கேட்டோம். அவருக்குச் சின்ன வயசிலிருந்து வேப்பங்குச்சிதானாம். வார்டில் படுத்த நாலாம் நாள் ஏழுமலைக்கு ஏன் வலி நின்றது என்பதும் அங்கேயே விளங்கிவிட்டது. அந்த வார்டில் அவனுக்கு இந்தச் சாம்பல் இல்லை.

நான் ஜீப்பை நோக்கி நடந்தேன். டாக்டரம்மா நகரவில்லை. கன்னியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்புப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்த ஊதாங்குழலை எடுத்து, "இதை ஊதறது நீங்களா?" என்றார்.

"வேற யாரு ஊதுவா?"

"வாயைத் திறங்க."

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவரப் பாருங்க."

"திறங்க பாப்போம்."

கன்னியம்மா கூச்சத்தோடு வாயைத் திறந்தாள். அவள் வெற்றிலை போடுவதில்லை. பிள்ளை தங்கட்டும், அதுவரைக்கும் வெற்றிலை தொடமாட்டேன் என்று வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு விட்டவள். ஈறு சுத்தமாக இருந்தது. கீழ்வரிசைப் பல்லின் ஓரமாக, யாரோ பென்சிலைக் கூராகச் சீவி வரைந்த மாதிரி, ஒரு நீலக்கோடு ஓடியது. அதற்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. நானே பார்த்தேன்.

"எத்தனை தடவை கலைஞ்சுது?" என்று டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார். ஈயம் கருவையும் தங்கவிடாது என்பது அவருக்குத் தெரியும்.

"மூணும்மா." சொல்லிவிட்டு உள்ளே போய் எங்களுக்கு மோர் கொண்டுவரத் திரும்பினாள். "மோர் வேண்டாம்" என்று அவசரமாகச் சொன்னவர் டாக்டரம்மா. அந்தப் பாத்திரங்களும் அதே சாம்பலில் தேய்த்தவைதானே.

அவள் முன்னங்கையைப் பிடித்து நிறுத்தி, "உங்களுக்கு வயிறு வலிக்கலியா?" என்று கேட்டார்.

"வலிக்கும். அவருக்கு வலிக்கிறப்ப நானும் வலிக்குதுன்னு படுத்துட்டா, வண்டி யாரும்மா கட்டறது?"

அந்தக் கோட்டை எடுத்துக்கொண்டுதான் டாக்டரம்மா அறுவை டாக்டரிடம் போனார். ஏழுமலையை மட்டும் கூட்டிப் போனால் நம்ப வைப்பது கஷ்டம் என்று கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டார். நானும் போனேன், ஒரு காகிதத்தில் அந்தச் சாம்பலைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு. அறுவை டாக்டர் பெரிய மீசைக்காரர், கோபக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் கோபப்படவில்லை. கன்னியம்மாவை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, ஈறை நெடுநேரம் பார்த்தார். ஏழுமலையின் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். இரண்டு பேரின் ரத்தத்தையும் கண்ணாடியில் தடவிச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். சிவப்பணுக்களுக்குள் பொடிப் பொடியாக நீலப் புள்ளிகள் இருந்தன, ஈயம் சேர்ந்த ரத்தத்தின் அடையாளம். "வயிறு அங்கியேதான இருக்கப் போவுது. கத்தியும் இங்கியேதான் இருக்கும்" என்று அறுவை டாக்டர் சொல்லி, குறித்த நாளைத் தள்ளி வைத்துவிட்டு, மெட்ராஸுக்கு எழுதிக் கொடுத்தார். உடம்பில் சேர்ந்த ஈயத்தைக் கட்டி இழுத்துச் சிறுநீரில் வெளியேற்றும் ஊசி அங்கேதான் கிடைக்கும்.

கன்னியம்மா வர மறுத்தாள். இரண்டு பேரும் வாரக்கணக்கில் மெட்ராஸில் கிடந்தால் மாட்டை யார் பார்ப்பது என்றாள். "மாட்ட நான் பாக்கறேன், நீ கெளம்பு" என்றார் துலுக்காணம். "ஒனக்குப் பால் கறக்கத் தெரியாதேண்ணா" என்றாள். "கன்னுக்குட்டிக்குத் தெரியும், அது கறந்துக்கும்" என்றார். அப்படித்தான் அவளை பஸ் ஏற்றினோம்.

அந்தப் பக்கத்து ஊர்களில் டாக்டரம்மா பிறகு எத்தனையோ வாயைத் திறந்து பார்த்தார். பேட்டரித் தகடு உருக்கிய வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன, அவர்களுக்கும் கோடு இருந்தது. வலை வீசுவதை நிறுத்துங்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. பழையபடி கடையில் வாங்கும் ஈயத்தையே, வீட்டுக்கு வெளியே, சோறு ஆக்காத அடுப்பில் உருக்குங்கள் என்றார். பல்லில் கடிக்காமல் வீசிப் பாருங்கள் என்றார். அதை மட்டும் யாரும் முழுசாகக் கேட்கவில்லை. வலை வட்டமாக விழ வேண்டுமே. ஒருவர் மட்டும் குண்டின் மேல் துணியைச் சுற்றிக் கடித்துப் பார்த்துவிட்டு, "சோத்துக்கு நடுவுல கோவணத்தைக் கடிச்ச மாதிரி கீதும்மா" என்று வந்து சொன்னார்.

ஏழுமலையின் வயிற்றைக் கடைசி வரை யாரும் திறக்கவில்லை. வலது கை எழுவதற்கு அடுத்த அறுவடை வரை ஆனது. அதுவரை ஒரு மூங்கில் பட்டையை மணிக்கட்டில் கட்டித் தாங்கிக் கொடுத்தோம். முதல்முதலாகக் கை தானாக நிமிர்ந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நின்று, போகிற வருகிறவருக்கெல்லாம் சும்மா வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுத உட்கார்ந்தது அவனுக்காக அல்ல. அவர்கள் மெட்ராஸில் படுத்திருந்தபோது, மருந்து வாங்கப் போன வேலையோடு வேலையாக, ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். ஆண்கள் வார்டில் ஏழுமலை தூங்கிக்கொண்டிருந்தான். பெண்கள் வார்டில் கன்னியம்மா கட்டிலில் சுவரோரமாக, இடம் கெட்டுவிடக் கூடாது என்பது மாதிரி ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். மூன்று தடவை அவன் வார்டில் படுத்தபோதும் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்தவள். "சோறு நேரத்துக்கு வருது கம்பவுண்டர் ஐயா. யாரோ ஆக்கி, யாரோ கொண்டாந்து குடுக்கறாங்க" என்றாள்.

எனக்கு என் பழக்கம் விடவில்லை. அவள் வலியை அவள் வாயால் நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எப்போதும் அவன் வலியைத்தான் சொல்வாள். "ஒனக்கு வலி எப்படி இருந்துச்சும்மா? எதைப் போல?" என்று கேட்டேன்.

கன்னியம்மா யோசித்தாள். ஒரு வார்த்தை கிடைக்குமா என்று உள்ளே தேடுவது முகத்தில் தெரிந்தது. கடைசியில் கையை விரித்தாள்.

"தெரிலயே ஐயா. அது என் வலின்னு நான் நெனச்சதே இல்ல. அடுப்படின்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்."